பூட்டிய கதவும் புதிய தலைமுறையும்

இரவு நடன விடுதி என்றதும் எம்மிற் பலருக்கு முகஞ் சுளிக்கவே தோன்றுகிறது. பணம் படைத்தோரின் பிள்ளைகள் குடித்துக் கூத்தாடும் இடம் அது. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு அங்கே என்ன அலுவல்? இவ்வாறு கேட்டுவிட்டு நாம் அப்பாற் போய்விடுகிறோம். பழைமைவாதிகள் இதனைச் சமயத்தின் பெயராற் சொல்கின்றனர். முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர் வர்க்கத்தின் பெயராற் சொல்கின்றனர். காரணங்கள் வேறுபடினும் முடிவு ஒன்றே. அம்முடிவு நியாயமானதா என்பதையும், அதனால் எமது இளைஞர்க்கு விளையும் தீங்கு யாது என்பதையும் சிறிது ஆராய விரும்புகிறேன்.

ஆண்டுதோறும் உயர்தர வகுப்பை முடித்துக்கொண்டு எமது பாடசாலைகளை விட்டு வெளியேறும் மாணவர் தொகை பெரிது. அவர்களிற் சிலர் பல்கலைக்கழகம் செல்கின்றனர். பலர் வேலை தேடிக் கொழும்புக்குப் போகின்றனர். வேறு சிலர் இலண்டன், ரொறொன்ரோ, மெல்பேண் என்று கடல் கடக்கின்றனர். மாதச் சம்பளம் கைக்கு வந்த ஒரு சனிக்கிழமை இரவு, தம்மோடு வேலை செய்வோர் அழைக்க, அவர்களும் அத்தகைய விடுதியொன்றின் வாயிலில் நிற்கத்தான் போகின்றனர். "போகாதே" என்ற சொல்லால் எவரும் போகாமல் நின்றதில்லை. சொல்லாமற் போகவே கற்றுக்கொண்டனர்.

மேற்படிப்புக்காக அயர்லாந்துக்குப் புறப்பட்ட மாணவியொருத்தி விடைபெற வந்தபோது, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்: "அங்கை எல்லாரும் சனிக்கிழமை இரவிலை டான்ஸ் ஆடுற இடங்களுக்குப் போவினமாம். நானும் போனாப் பிழையோ, சேர்?"

"பிழையெண்டு நான் சொல்லமாட்டன், பிள்ளை. ஆனாப் போன உடனை வெளியிலை வாற வழியைப் பார்த்து வை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வந்த வழியாலை வெளியிலை போறதுதானே, சேர்?"

அறிவிற் குறைந்தவள் அல்லள் அவள். மனித இயல்பே அவ்வாறுதான் விடை சொல்லும். ஆயினும் அந்த இயல்பே எத்தனையோ பேரின் உயிரைப் பறித்திருக்கிறது. அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில், வெஸ்ற் வோரிக் என்னும் ஊரில், 2003 பெப்ரவரி 20ஆந் திகதி இரவு நடந்ததைப் பாருங்கள். இசைக்குழுவினர் மேடையிற் கொளுத்திய தீப்பொறி வாணம், ஓசையைத் தடுப்பதற்காகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்த நுரைப்பஞ்சைப் பற்றிக்கொண்டது. முதற் சில கணங்கள் அதனையும் காட்சியின் ஒரு பகுதி எனவே கூட்டத்தினர் எண்ணினர். அபாயம் விளங்கியதும் பெரும்பாலானோர் தாம் நுழைந்த முன்வாயிலை நோக்கியே ஓடினர். வேறு வழிகளும் அக்கட்டடத்தில் இருந்தன. அவற்றை நாடியவர் சிலரே. இரண்டு நிமிடங் கழிவதற்குள் முன்வாயில் மனித உடல்களால் அடைபட்டுப்போயிற்று. 100 பேர் மாண்டனர்.

அன்றைய நிகழ்ச்சி முழுவதும் படமாக்கப்பட்டிருக்கிறது. மூன்று நாள்களுக்கு முன் சிக்காகோ நகரின் இரவு விடுதியொன்றிற் காவலர் மிளகுத்தூள் திரவம் விசிறியதால் எழுந்த நெரிசலில் 21 பேர் மாடிப்படியில் நசுங்கி இறந்திருந்தனர். அதன் விளைவாக, பொது இடங்களின் பாதுகாப்புப் பற்றிச் செய்தித் தொகுப்பொன்று தயாரிப்பதற்காகவே அந்தப் படப்பிடிப்பாளர் அங்கு வந்திருந்தார்.

இத்தகைய இடங்கள் எவ்வாறிருக்கும் என்பதை அறியாதவர்களுக்காகச் சிறிது கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், பல்கலைக்கழகத்தில் என்னோடு பயின்ற நண்பரொருவரின் வற்புறுத்தலாற் கொழும்பில் ஒரு விடுதிக்குப் போனேன். வாயிலில் அடையாள அட்டையைப் பார்த்தார்கள், பையைத் துழாவினார்கள், மணிக்கட்டில் முத்திரை குத்தினார்கள். உள்ளே கண்ணுக்கு இருளும் நெஞ்சுக்கு ஓசையுமே முதலில் எட்டின. பக்கத்தில் நிற்பவரோடு பேசவேண்டுமானால் அவர் காதினுள் வாயை வைத்துத்தான் பேசவேண்டும். நிலம் சிந்திய பானத்தால் வழுக்கியது. இயந்திரமொன்று அடிக்கடி வெண்புகையைக் கக்கியது. வண்ண விளக்குகள் வெட்டி வெட்டி அணைந்தன. அபாயமணி அடித்தால் அந்த ஓசையில் யாருக்கும் கேளாது. உண்மைப் புகை எழுந்தால் அந்தச் செயற்கைப் புகையில் யாருக்கும் தெரியாது.

வெளியேறும் வழியெனப் பின்சுவரிற் பச்சை விளக்கொன்று எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே கதவு தெரியவில்லை. வெறும் போத்தற் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. நான் அங்கேயே நின்று பார்ப்பதைக் கண்ட நண்பர், "மச்சான், நீ ஆட வந்தனியோ, வாத்தி வேலை பார்க்க வந்தனியோ?" என்று என் காதிற் கத்தினார். குவளைகள் சேகரித்துக்கொண்டிருந்த மலையகத்துப் பையனொருவனிடம் அப்பெட்டிகளைப் பற்றிக் கேட்டேன். அவன் ஒளிக்காமற் சொன்னான்: "முதலாளி சொல்லித்தான் வச்சோம், சேர். அந்தக் கதவு தொறந்து கெடந்தா ஆளுக காசு குடுக்காம போயிடுவாங்க."

அப்பையன் கூறிய காரணம் கொழும்பில் முளைத்ததன்று. 1942 நவெம்பர் 28ஆந் திகதி பொஸ்ரன் நகரின் கொக்கோநட் குறோவ் என்னும் விடுதி எரிந்தபோது 492 பேர் இறந்தனர். 460 பேருக்கு அனுமதி பெற்றிருந்த அவ்விடத்தில் அன்றிரவு ஏறத்தாழ ஆயிரம் பேர் இருந்தனர். முன்வாயிலிற் சுழற்கதவு ஒன்றே இருந்தது. இரு பக்கத்தாலும் ஆட்கள் தள்ள அது அசையாது நின்றுவிட்டது. பக்கக் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. காசு செலுத்தாமல் எவரும் நழுவிவிடக் கூடாது என்பதே பூட்டியதற்குக் காரணம். எட்டு நாள்களுக்கு முன்னர்தான் தீயணைப்புத் திணைக்களத்து அதிகாரியொருவர் அவ்விடுதியைப் பார்வையிட்டு, நன்னிலையில் உள்ளது என எழுதிக் கொடுத்திருந்தார்.

அறுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2004 டிசம்பர் 30ஆந் திகதி ஆர்ஜென்ரீனாவின் தலைநகரான புவனஸ் அயர்சில் குறோமாஞ்ஞோன் என்னும் மண்டபம் எரிந்து 194 பேர் மாண்டனர். அங்கும் அவசர வாயில் பூட்டிக் கிடந்தது. நுழைவுச்சீட்டு வாங்காதவர் அவ்வழியால் உள்ளே வந்துவிடுவர் என்பது அங்கு சொல்லப்பட்ட காரணம். 2013 ஜனவரி 27ஆந் திகதி பிரேசிலின் சாந்தா மரியா நகரிற் 'கிஸ்' விடுதி எரிந்தபோது, ஓடிவந்த மாணவரை வாயிற்காவலர் முதலில் மறித்துவிட்டனர். குடித்த கணக்கைத் தீர்க்காமல் ஓடுகின்றனர் என்று அவர்கள் எண்ணினராம். வழி அறியாத பலர் மலசலகூடங்களை வெளிவாயில் என நம்பி அதனுட் புகுந்து அங்கேயே வீழ்ந்தனர். 242 உயிர்கள் போயின. அவர்களுட் பெரும்பாலோர் பல்கலைக்கழக மாணவர்.

இனி, நடன விடுதியை விட்டுத் தொழிற்சாலைக்கு வருவோம். 1911 மார்ச் 25ஆந் திகதி நியூயோர்க் நகரின் ட்றயாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 தொழிலாளர் எரிந்தும் மாடியிலிருந்து குதித்தும் இறந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் இளம் பெண்கள். அங்கேயும் ஒரு வாயில் பூட்டப்பட்டிருந்தது. தொழிலாளர் துணி திருடிவிடுவர் என்ற ஐயமே அதற்குக் காரணம். பகலில் உழைக்கும் இடத்திற் பூட்டிய அதே கை இரவில் ஆடும் இடத்திலும் பூட்டுகிறது. தொழிற்சாலைக் கதவைப் பற்றி நூறு கூட்டங்களிற் பேசும் நாம், விடுதிக் கதவைப் பற்றி ஏன் பேசுவதில்லை? அங்கே செத்தவர் நம்மவர் அல்லர் என்று எண்ணுகிறோமா?

அவ்வாறு எண்ணுவோர் டப்ளின் நகரின் கதையை அறியவேண்டும்.

அந்நகரின் வடபுறத்தே ஆர்ட்டேன் என்னும் தொழிலாளர் குடியிருப்பில் 'ஸ்ரார்டஸ்ற்' என்ற நடன மண்டபம் இருந்தது. 1981 பெப்ரவரி 14ஆந் திகதி பிறந்து ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி நேரமான வேளையில், காதலர் தினத்தையொட்டி நடந்த நடனத்தின்போது அது தீப்பற்றியது. எண்ணூறுக்கு மேற்பட்டோர் உள்ளே இருந்தனர். இறந்த 48 பேரும் 16 வயதுக்கும் 27 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் வாரக்கூலிக்கு உழைத்தவர்களும் வேலை தேடிக்கொண்டிருந்தவர்களுமாகிய அயற்புறத்துப் பிள்ளைகள். ஒரே வீட்டில் இரு பிள்ளைகளையும் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்த தாய்மார் இருந்தனர். ஐவரின் உடல்களை அடையாளங் காணவே முடியவில்லை. மரபணுச் சோதனையின் துணையால் 2007இல்தான் அவர்களின் பெயர்கள் உறுதிசெய்யப்பட்டன.

அம்மண்டபத்தின் அவசர வாயில்கள் சில பூட்டியிருந்தன. சிலவற்றிற் பூட்டியவைபோலத் தோன்றுமாறு சங்கிலி சுற்றப்பட்டிருந்தது. மலசலகூட யன்னல்களின்மேல் இரும்புத் தகடுகள் அறையப்பட்டிருந்தன. இவ்வளவும் இருக்க, 1982இல் வெளிவந்த அரசாங்க விசாரணை அறிக்கை, தீயை எவரோ வேண்டுமென்றே வைத்திருத்தல் கூடும் என முடிவு கூறியது. அம்முடிவின் பயன் யாருக்குப் போயிற்று? மண்டபத்தின் உரிமையாளர்க்கு 1983இல் ஐந்து இலட்சத்து எண்பதாயிரம் பவுணுக்கு மேல் நட்டஈடு வழங்கப்பட்டது. மாண்ட பிள்ளைகளின்மீதோ, அவர்களில் ஒருவன் கொளுத்தியிருப்பான் என்ற பழி நிழலாக விழுந்தது. கிறிஸ்ரி மூர் என்ற பாடகர் அம்மரணங்களைப் பற்றி 1985இற் பாடல் ஒன்று வெளியிட்டபோது, நீதிமன்றம் அதனை அவமதிப்பு எனத் தீர்த்து இசைத்தட்டிலிருந்து நீக்கச் செய்தது.

ஆயினும் அத்தொழிலாளர் குடும்பங்கள் அடங்கிவிடவில்லை. பெற்றோர் முதுமையெய்தி ஒருவர்பின் ஒருவராக மறைய, உடன்பிறந்தோர் அப்போராட்டத்தை ஏற்றனர். தீ வைக்கப்பட்டது என்பதற்குச் சான்று இல்லை என 2009இல் அரசு ஒப்புக்கொண்டது. புதிய மரண விசாரணை 2023இல் தொடங்கியது; இறந்த ஒவ்வொருவரும் எத்தகையவராய் இருந்தார், எதை விரும்பினார் என்பதை உறவினர் எழுந்து சொல்ல, ஜூரிமார் கேட்டிருந்தனர். 2024 ஏப்ரல் 18ஆந் திகதி அவர்கள் தீர்ப்புக் கூறினர்: 48 மரணங்களும் சட்டவிரோதக் கொலைகளே; தீ தொடங்கியது மின்கோளாறினால்; வாயில்கள் பூட்டியும் சங்கிலியிட்டும் தடைப்பட்டும் கிடந்தமை சாவுக்கு ஏதுவாயிற்று. ஐந்து நாள்களின் பின் அயர்லாந்துப் பிரதமர் பாராளுமன்றத்தில் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். இதற்கு 43 ஆண்டுகள் சென்றன.

கூட்டத்தின்மீது பழி போடுவது ஆள்வோர்க்கு என்றும் எளிது. "பீதியில் மிதித்துக்கொண்டார்கள்" என்ற ஒரு வாக்கியத்தினுள் பூட்டும் சாவியும் மறைந்துவிடுகின்றன. சோல் நகரின் இத்தேவொன் பகுதி இரவு விடுதிகள் நிறைந்தது. அங்கே ஏறத்தாழ மூன்று மீற்றர் அகலமுள்ள சாய்வான ஒழுங்கையொன்றில், 2022 ஒக்டோபர் 29ஆந் திகதி 159 பேர் நெரிசலில் இறந்தனர். தள்ளியவர் யார் என்றே பொலிசார் முதலிற் கூட்டத்தினுள் தேடினர். ஆனால் அன்று மாலை ஆறரை மணி தொடக்கமே, நெரிசல் அபாயமாகிறது என்று அவர்களுக்கு அழைப்புகள் வந்தவண்ணம் இருந்தன. அத்தகைய அழைப்புகள் 11 என்று பின்னர் வெளியாயிற்று.

இவற்றையெல்லாம் அறிந்தபின் நாம் மாணவர்க்குச் சொல்லவேண்டியவை தெளிவானவை. உள்ளே போனதும் வந்த வாயிலை மறந்து, வேறொரு வாயிலைத் தேடிக் காணுங்கள்; அதுவரை நடந்தும் பாருங்கள். அது பூட்டியோ பொருள் அடுக்கியோ இருப்பின் அங்கே நிற்கவேண்டாம். கொடுத்த காசைப் பற்றி எண்ணாது வெளியேறிவிடுங்கள். நிலக்கீழ் அறையாயினும் மாடியாயினும் படி எத்தனை என்று பாருங்கள். கூரைக்குக் கீழே தீப்பொறி வாணம் கொளுத்தப்பட்டால் அதனைப் படம்பிடித்துக்கொண்டு நில்லாதீர்கள். நுரைப்பஞ்சு எரியும்போது காபனோரொட்சைட்டும் ஐதரசன் சயனைட்டும் பிறக்கின்றன. தீ தொடுவதற்கு முன் அப்புகையே ஆளை வீழ்த்திவிடும். உங்களுக்குக் கிடைப்பது ஒன்று அல்லது இரண்டு நிமிடமே. மேலாடைக்கோ கைப்பைக்கோ திரும்பாதீர்கள். புகை இறங்கினால் தாழக் குனிந்து செல்லுங்கள்.

நெரிசலைப் பற்றியும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு சதுர மீற்றர் இடத்தில் ஆறேழு பேர் நெருங்கினால் எவரும் தம் விருப்பப்படி அசைதல் இயலாது. கூட்டம் நீர்போல் அலைகிறது. மிதிபட்டு இறப்பவரிலும் மார்பு அமுங்கி மூச்சடைத்து, நின்றபடியே இறப்பவர் அதிகம். எனவே கைகளை மடக்கி மார்புக்கு முன்னே வைத்து, நெஞ்சு விரிய இடம் வைத்துக்கொள்ளுங்கள். அலையை எதிர்த்துத் தள்ளாது, அது ஓய்கின்ற கணத்திற் சாய்வாக ஓரத்தை நோக்கி நகருங்கள். விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர்கள். விழுந்த மனிதரைத் தூக்காமல் விடாதீர்கள்.

குவளையைக் கைவிட்டு அகலாதீர்கள். அகன்றிருந்தால், திரும்பி வந்து அதிலிருப்பதைப் பருகாதீர்கள். கூடப் போனவர்களை எண்ணிக் கூட்டிக்கொண்டே வீடு திரும்புங்கள். மதுவால் மயங்கி விழுந்த தோழனை மல்லாக்கக் கிடத்தித் தூங்கவிடாது பக்கவாட்டிற் கிடத்தி, மூச்சைக் கவனித்து, வைத்தியசாலைக்கு ஆள் அனுப்புங்கள். பெண்பிள்ளைக்கு அங்கே தீங்கு நேருமாயின், "நீ ஏன் அங்கே போனாய்?" என்று முதலிற் கேட்கும் ஆசிரியராக நாம் இருத்தலாகாது. அக்கேள்விக்கு அஞ்சியே எத்தனையோ பிள்ளைகள் உதவி கேளாது மௌனமாகின்றனர்.

எனினும் இத்துடன் எமது கடமை முடிந்துவிடாது. எவ்வளவுதான் விழிப்பாயிருப்பினும், ஒரு பிள்ளையாற் பூட்டைத் திறந்துவிட முடியாது. சாந்தா மரியாவில் இறந்தோர் அறிவற்றவர்கள் அல்லர்; வழி இருக்கவில்லை. உருமேனியாவின் புக்கரெஸ்ற் நகரில் 2015 ஒக்டோபர் 30ஆந் திகதி கொலெக்ரிவ் விடுதி எரிந்து 64 பேர் இறந்தபோது, அந்நாட்டு மக்கள் அதனை விதியென்று அழுது ஓயவில்லை. தீயணைப்புப் பகுதியின் அனுமதி பெறாத விடுதி எவ்வாறு நடந்தது என்று கேட்டுப் பல்லாயிரவர் வீதியில் இறங்கினர். ஊழல் கொல்கிறது என முழங்கினர். ஐந்தாம் நாள் பிரதமர் பதவி விலகினார். ஆட்டம் ஆடப் போனவர்களின் சாவையும் அரசியற் கேள்வியாக்கலாம் என்பதை அம்மக்கள் எமக்குக் காட்டினர். போத்தற் பெட்டிகளை அடுக்கிய அந்த மலையகத்துப் பையனும், தீப்பிடித்தால், அதே இருளில் அதே கதவைத்தான் தேடுவான். அவனுக்குச் சங்கமும் இல்லை, கேட்பாரும் இல்லை.

ஆசிரியர்களாகிய நாம் தொடங்கவேண்டிய இடம் தொலைவில் இல்லை. பரிசளிப்பு விழாவன்று, வெளியாட்கள் நுழைந்துவிடுவர் என்று மண்டபத்தின் பின்கதவை ஆமைப்பூட்டாற் பூட்டி வைக்கும் பாடசாலைகளை நான் கண்டிருக்கிறேன். உள்ளே ஆயிரம் பிள்ளைகள்; வழி ஒன்று. சென்ற தவணையில் எனது வகுப்பு மாணவரைக் கொண்டு எமது மண்டபத்தின் வாயில்களை எண்ணுவித்தேன். திறப்பவை எத்தனை, உட்புறமாகத் திறப்பவை எத்தனை, கதிரைகள் மறித்து நிற்பவை எத்தனை என்று அவர்கள் எழுதி அதிபரிடம் கொடுத்தனர். இரண்டு கதவுகள் இப்போது திறக்கின்றன. மூன்றாவதற்காக இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதனை வாசிக்கும் ஆசிரிய நண்பர்களும் தத்தம் மண்டபங்களில் இதனைச் செய்துபார்க்கலாம். பள்ளிக்கூடத்திற் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பழகிய பிள்ளை, நகரத்து விடுதியிலும் தொழிற்சாலையிலும் அதே கேள்வியைக் கேட்கத் தயங்காது.